அதே செடிதான் சார்!

ஒருவர் உங்களிடம் நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கொடுத்து, "வெச்சிருங்க, சாயங்காலம் வாங்கிக்கறேன்" என்கிறார். நடுவில் அவசரம். அந்த நோட்டை எடுத்து ஆட்டோக்காரருக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். சாயங்காலம் அவர் வந்து நிற்கும்போது வேறொரு நூறு ரூபாயை நீட்டுகிறீர்கள். "இது நான் கொடுத்த நோட்டு இல்லையே!" என்று அவர் சண்டைக்கு வருவாரா? வந்தால், அவருக்கு வேறு ஏதோ பிரச்னை என்று அர்த்தம்.

அதே ஆள் உங்களிடம் ஒரு பசுமாட்டை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறார். மாடு செத்துப்போகிறது. நீங்கள் சந்தைக்கு ஓடி, அதே நிறம், அதே கொம்பு, அதே அளவு பால் கறக்கிற இன்னொரு மாட்டை வாங்கிக் கட்டிவைக்கிறீர்கள். இப்போது அவர் சண்டைக்கு வந்தால்?

வரலாம். வரவேண்டும்.

நான் பி.காம். எங்களுக்கு மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் 'பெயில்மென்ட்' என்று ஒரு பாடம். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 148-வது பிரிவு. ஒரு காரியத்துக்காக ஒருவரிடம் பொருளை ஒப்படைக்கிறோம். காரியம் முடிந்ததும் அவர் அதைத் திருப்பித் தரவேண்டும், இல்லை, நாம் சொல்கிறபடி செய்யவேண்டும். லாண்டரியில் போட்ட சட்டை, ஸ்டாண்டில் விட்ட சைக்கிள் எல்லாம் இதில் வரும். பேங்க்கில் போட்ட பணம் வராது. ஏனென்றால் நீங்கள் கட்டிய அதே நோட்டைத் திருப்பித் தரவேண்டும் என்று பேங்க்குக்குக் கட்டாயம் இல்லை. தேர்வுக்கு முந்தைய இரவு இதை உருப்போட்டபோது, என்றைக்காவது இது என் வாழ்க்கையில் குறுக்கே வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்தது. அதுவும் ஒரு கள்ளிச் செடி ரூபத்தில்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் மேல் வீட்டு சார் ரிட்டயர்டு ஆசாமி. மொட்டை மாடியில் அசோசியேஷனிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி ஒரு பசுமைக்குடில் போட்டிருக்கிறார். குடில் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். நாலு ஜி.ஐ. பைப், மேலே பாலிகார்பனேட் ஷீட், பக்கவாட்டில் பச்சை வலை. குளிர்நாடுகளில் செடிக்குச் சூடு போதாது என்று கண்ணாடி வீடு கட்டுகிறார்கள். சென்னையில் சூட்டுக்கு என்ன பஞ்சம்? இங்கே அது மழைக்குக் குடை. உள்ளே நூறு தொட்டிக்கு மேல் இருக்கும். எல்லாம் கள்ளி.

கள்ளி என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அவர் முன்னால் சொன்னால் பிரசங்கம் ஆரம்பித்துவிடும். நம் ஊர் சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் ஆமணக்குக் குடும்பம். கிள்ளினால் பால் வடியும். கேக்டஸ் வேறு குடும்பம். பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள், கொலம்பஸுக்கு அப்புறம்தான் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தது. கிராமத்து வேலியெல்லாம் மண்டிக் கிடக்கிற சப்பாத்திக்கள்ளிகூட வந்தேறிதான். ஒரே ஒரு விதிவிலக்கு: ரிப்சாலிஸ் என்று ஒன்று, முள்ளே இல்லாமல் மரத்தில் தொங்குகிற ஜாதி, ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே இருக்கிறது. இந்தப் பிரசங்கத்தை நான் ஏழெட்டு முறை கேட்டிருக்கிறேன்.

அந்த நூறு தொட்டியில் ராஜா, நடுவில் நின்ற ஐந்தரை அடித் தூண். டோட்டம் போல் கேக்டஸ் என்று பெயர். நீங்கள் பார்த்தால் செடி என்றே சொல்லமாட்டீர்கள். முள் கிடையாது. தூண் கள்ளிக்கு இருக்கவேண்டிய நேர்த்தியான வரிப்பள்ளங்கள் கிடையாது. ஒரு பெரிய பச்சை மெழுகுவத்தி உருகி வழிந்து, அங்கங்கே குமிழ் குமிழாக உறைந்து நின்றுவிட்ட மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் அந்தக் குமிழ்களில் மூக்கு தெரியும், தாடை தெரியும். அமெரிக்கப் பழங்குடியினர் மரத்தில் முகம் முகமாகச் செதுக்கி நிறுத்துவார்களே, அந்தத் தூணின் பெயரைத்தான் இதற்கும் வைத்திருக்கிறார்கள்.

இதன் சொந்த ஊர் மெக்ஸிகோவில் பாஹா கலிஃபோர்னியா. வரைபடத்தில் மேற்கே வால் மாதிரி நீண்டு தொங்குமே, அந்தத் தீபகற்பம். அங்கே செனிட்டா என்று ஒரு சாதாரணத் தூண் கள்ளி உண்டு. அதற்கு முள் இருக்கிறது, வரி இருக்கிறது, வயதானால் தலைப்பக்கம் நரைத்த தாடி மாதிரி முடிகூட இருக்கிறது. அதன் மகரந்தச் சேர்க்கையை ஒரு சின்ன விட்டில் பூச்சி கவனித்துக்கொள்கிறது. பூவில் மகரந்தத்தைத் தேய்த்துவிட்டு அங்கேயே முட்டையும் இடும், புழு கொஞ்சம் காயைத் தின்னும், மிச்சம் செடிக்கு. ஒழுங்கான பார்ட்னர்ஷிப், லாபப் பங்கீடு உள்பட. இந்தச் செனிட்டா கூட்டத்தில் எப்போதோ, எதிலோ ஒரு கோளாறு விழுந்து முள்ளும் வரியும் காணாமல் போனது. அதுதான் டோட்டம் போல். 1930-களில் ஹோவர்ட் கேட்ஸ் என்ற அமெரிக்கர் இதற்குப் பெயர் வைத்து எழுதினார். அந்தப் பெயரில் 'மான்ஸ்ட்ரோசஸ்' என்று ஒரு வார்த்தை வரும். மான்ஸ்டர்தான். பாவம்.

விஷயம் இதுதான்: இந்தக் கோளாறுச் செடி விதை போட்டுப் பெருகுவது இல்லை என்றே சொல்லலாம். கிளை ஒடிந்து கீழே விழும். விழுந்த இடத்தில் வேர் விடும். ஆக, உலகம் முழுக்கத் தோட்டங்களிலும் கண்ணாடி வீடுகளிலும் நிற்கிற டோட்டம் போல்கள் எல்லாம் அந்த பாஹா பாலைவனத்துச் செடிகளின் ஒடிந்த கைகள். அரிஸோனாவில் நிற்பதும் ஜெர்மனியில் நிற்பதும் எங்கள் மொட்டை மாடியில் நிற்பதும் பிள்ளையும் பேரனும் அல்ல, துண்டுகள். குளோன் என்கிறோமே, அது. டாலி ஆட்டுக்குட்டி 1996-ல் பிறந்தபோது உலகமே வாயைப் பிளந்தது. கள்ளி எத்தனையோ காலமாக அதை அலட்டிக்கொள்ளாமல் செய்துகொண்டிருக்கிறது.

நம் வீட்டுக் கொல்லை முருங்கை மட்டும் என்ன? ஆடிக் காற்றில் மரம் முறிந்தால் ஒரு போத்தை வெட்டிப் பக்கத்தில் நட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறோம். "முருங்கை செத்துப்போச்சு" என்று யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை.

கதைக்கு வருகிறேன். 2023 அக்டோபரில் சார் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். மகள், பேத்தி, ஆறு மாதம். மொட்டை மாடிச் சாவியையும் இரண்டு பக்கத்துக்கு எழுதிய குறிப்பையும் என் கையில் கொடுத்தார். நவம்பர், டிசம்பரில் தண்ணீரே காட்டக்கூடாது. ஷீட்டை வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கவேண்டும். ராஜாவின் தோளைத் தட்டி, "பார்த்துக்கோ தம்பி" என்றார். என்னிடம் சொன்னாரா அதனிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். சென்னைக்காரர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டாம். கரன்ட் இல்லை, சிக்னல் இல்லை, கீழே பார்க்கிங்கில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், என் பைக் அதற்குள். பால் பாக்கெட்டுக்கு அலைந்த கதை தனி. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், நான் மாடிக்குப் போனது ஆறு நாள் கழித்து. ஐந்து நிமிஷம் படியேறினால் போதும். போகவில்லை. இரண்டு ஷீட் பறந்துபோயிருந்தது. ராஜாவின் தொட்டி தளும்பி நின்றது. தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, ஷீட்டைத் தேடிப் பிடித்துக் கட்டினேன். தூண் பச்சையாக, கம்பீரமாக நின்றது. தப்பித்தோம் என்று இறங்கிவிட்டேன்.

கள்ளியின் குணம் நமக்குத் தெரியாதே! அது சாகும்போது வாடாது. தலை பச்சையாகவே இருக்கும். அடியில் உள்ளே அழுகிக்கொண்டே வரும். பொங்கல் முடிந்து ஒரு நாள் போனால், ராஜா சுவரில் சாய்ந்து நிற்கிறார். அடித்தண்டைத் தொட்டால் விரல் உள்ளே போகிறது.

தெரிந்த ஒரு நர்சரிக்காரரைக் கூட்டிவந்தேன். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து அவர் வெட்ட ஆரம்பித்தார். அடியில் ஒரு துண்டு. நடுவில் பழுப்பு வட்டம். இன்னும் மேலே. பழுப்பு. இன்னும் மேலே. அவர் வெட்ட வெட்ட எனக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. மூன்றரை அடி போனபிறகுதான் குறுக்குவெட்டு சுத்தமாக, வெள்ளரிக்காய் மாதிரி வந்தது. மிச்சம் இரண்டடித் தலை. கந்தகத் தூள் தடவி, நிழலில் மூன்று வாரம் காயப்போட்டு, வெட்டின இடம் தோல் கட்டியதும் காய்ந்த மணலும் சரளையும் கலந்து நட்டுவைக்கச் சொன்னார். "பொழைச்சுக்கும் சார். கள்ளி கெட்டி உசுரு." அழுகின அடிப்பாகத்தை மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன்.

அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் சார் கூப்பிட்டார். பேத்தி, பனி, அங்கே கத்தரிக்காய் விலை எல்லாம் ஆனபிறகு, "நம்ம ஆளு எப்படி இருக்கான்?" என்றார்.

"நல்லா இருக்கான் சார்" என்றேன்.

இது பொய்யா? இதை நான் உங்களிடம் உண்மையாகவே கேட்கிறேன். ஏனென்றால் அடுத்த இரண்டு மாதம் இது பொய் இல்லை என்று எனக்கு நானே நிரூபித்துக்கொண்டிருந்தேன். அதுவரை தத்துவப் புத்தகம் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன், தேடித் தேடிப் படித்தேன். குற்றம் செய்தவனுக்குத்தான் தத்துவம் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பது என் அனுபவம்.

கிரேக்கர்களிடம் தீசியஸின் கப்பல் என்று ஒரு புதிர். புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். வீரன் தீசியஸ் வந்த கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பத்திரப்படுத்துகிறார்கள். மக்கிய பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைக்கிறார்கள். ஒவ்வொன்றாக, கடைசியில் எல்லாப் பலகையும் மாறிவிட்டது. அதே கப்பலா, வேறா? நம் பக்கத்தில் மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் சொன்ன விளக்கு உதாரணம் இருக்கிறது. முதல் ஜாமத்தில் எரிந்த சுடரும் கடைசி ஜாமத்தில் எரிகிற சுடரும் ஒன்றா? ஒன்றும் இல்லை, வேறும் இல்லை. எனக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடித்தது. சாரிடம் சொல்ல வசதியான பதில்.

கள்ளியிலேயே இன்னும் நல்ல சாட்சி கிடைத்தது. அதே பாஹாவின் தெற்கே, மக்தலேனா சமவெளியில் 'ஊரும் சாத்தான்' என்று ஒரு தூண் கள்ளி. நிற்காது, மண்ணில் படுத்துக் கிடக்கும். தலைப்பக்கம் வளரும், வால் பக்கம் செத்து மக்கும். வயிற்றுப் பக்கம் புதிது புதிதாக வேர் விடும். இப்படியே மெல்ல மெல்ல மணலில் நகர்ந்துகொண்டே போகும். வெகு வருஷம் கழித்துப் பார்த்தால் ஆரம்பத்தில் இருந்த உடம்பில் ஒரு சல்லிக்காசு மிச்சம் இருக்காது. ஆனால் அந்தச் செடி சாகவே இல்லை! இதைப் படித்த அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். எங்கள் ராஜாவும் அதைத்தானே செய்தார்? வால் மக்கியது, தலை இருக்கிறது. என்ன, கொஞ்சம் கத்தி உதவியது.

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஐந்தரை அடி இரண்டடி ஆனதை எந்தத் தத்துவத்தால் மறைப்பது? சார் வந்து பார்த்தால் தெரிந்துவிடுமே.

அப்போதுதான் நர்சரிக்காரர் ஒரு யோசனை சொன்னார். பெங்களூரில் கள்ளி வளர்க்கிற ஒருவரிடம் ஐந்தரை அடி டோட்டம் போல் இருக்கிறது. பன்னிரண்டாயிரம் ரூபாய். தொட்டியோடு வேனில் வந்துவிடும். "ரெண்டும் ஒரே குளோனு சார். லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணாலும் வித்தியாசம் தெரியாது."

யோசித்துப் பாருங்கள். இது சந்தையில் வாங்கின வேறு மாடு இல்லை. மாட்டுக்கு மாடு ரத்தம் வேறு. இது அதே செடியின் இன்னொரு கை. பாஹாவில் ஒரே உடம்பில் இருந்த இரண்டு கிளைகளாகக்கூட இருக்கலாம். ஒன்று சென்னைக்கு வந்தது, ஒன்று பெங்களூருக்குப் போனது. நோட்டா, மாடா என்று கேட்டால், நோட்டைவிட நோட்டு! நூறு ரூபாய் நோட்டிலாவது நம்பர் வேறு வேறாக இருக்கும்.

பணம் அனுப்ப மொபைலை எடுத்தேன். மனைவி பக்கத்தில் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "ஒரு செடிதானேங்க, போன் பண்ணிச் சொல்லிடுங்களேன்" என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு தீசியஸும் தெரியாது, நாகசேனரும் தெரியாது. ஆனால் என் வாதத்தில் இருந்த ஓட்டை அதில் தெரிந்துவிட்டது. அதே செடி என்று நான் உண்மையாகவே நம்பினால், மாற்றியதைச் சொல்ல எனக்கு என்ன பயம்? "சார், அது போயிடுச்சு, அதே குளோன் இன்னொண்ணு வாங்கி வெச்சுட்டேன்" என்று சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்லாமல் வைத்தால்தான் அது அதே செடி. சொன்னால் வேறு செடி. இது என்ன தத்துவம்?

சிவபுரம் ஞாபகம் வந்தது. உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தஞ்சை மாவட்டம் சிவபுரத்தில் 1951-ல் பூமிக்குள்ளிருந்து சோழர் காலத்து நடராஜர் கிடைத்தார். சில வருஷம் கழித்துப் பழுதுபார்க்க வெளியே கொடுத்தார்கள். பெயில்மென்ட்! திரும்பி வந்தது நகல். நிஜ நடராஜர் கைமாறிக் கைமாறிப் போய்விட்டார். 1965-ல் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட், கோயிலில் இருப்பது அசல் இல்லை என்று எழுதிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. 1973-ல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் அதை வாங்கினார். வழக்கு நடந்து, உடன்பாடு ஆகி, 1986-ல் இந்தியாவுக்குத் திரும்பியது. நடுவில் இத்தனை வருஷம் சிவபுரத்து மக்கள் நகலுக்கு முன்னால் கைகூப்பினார்களே, அந்தக் கும்பிடு யாருக்குப் போயிற்று? பக்தி உள்ளவர்கள், கும்பிடு போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கும் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். கும்பிட்டவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. ஆனால் அதனால் மாற்றி வைத்தவன் செய்தது சரியாகிவிடுமா? பொருள் ஒன்றா வேறா என்பது ஒரு கேள்வி. நான் செய்தது சரியா தப்பா என்பது வேறு கேள்வி. இரண்டு மாதமாக முதல் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து தப்பித்துக்கொண்டிருந்தேன்.

மொபைலைக் கீழே வைத்தேன். பெங்களூர்த் தூண் பெங்களூரிலேயே நின்றது. ஆனால் சாருக்கு போன் பண்ணிச் சொன்னேனா? இல்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நல்லவனாக மாறுவதும் தவணை முறையில்தான்.

மார்ச் கடைசியில் சார் வந்தார். பெட்டியை இறக்கி வைத்த கையோடு மாடிக்குக் கிளம்பினார். படியேறும்போதே சொல்லிவிட்டேன். புயல், ஆறு நாள், அழுகல், கத்தி, "நல்லா இருக்கான்" உள்பட எல்லாம். அவர் ஒன்றும் பேசவில்லை. குடிலுக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டடி ராஜாவை லேசாக அசைத்துப் பார்த்தார். வேர் பிடித்திருந்தது.

"வெட்டின அடிப்பாகம் எங்கே?"

"குப்பை வண்டியில போட்டுட்டேன் சார். முழுக்க அழுகிடுச்சு."

"இடுப்பு உயரத்துல ஒரு தழும்பு இருந்ததே, பார்த்தியா?"

பார்த்திருந்தேன். பழுப்பாக, தக்கை மாதிரி காய்ந்துபோன ஒரு வெட்டுக்காயம், நாலு விரல் நீளம். கள்ளியின் தோலில் காயம் பட்டால் அப்படித்தான். ஆறும், ஆனால் மறையாது. தூண் நுனியில் மட்டும்தான் வளர்கிறது, அதனால் தழும்பு எந்த உயரத்தில் விழுந்ததோ அதே உயரத்தில் கடைசிவரை நிற்கும். சேகரிக்கிறவர்கள் பாஷையில் அது குறை. விலை குறையும். பெங்களூர்த் தூணில் ஒரு கீறல்கூட இல்லை என்று நர்சரிக்காரர் பெருமையாகச் சொன்னதுகூட ஞாபகம் வந்தது.

"2011-ல. துணி காயப்போட வந்தா. கொடிக்கம்பு கைதவறி அது மேல விழுந்துடுச்சு. நான் கத்தின கத்துல கீழ் வீட்டுக்கெல்லாம் கேட்டிருக்கும். ரெண்டு நாள் அவகிட்ட பேசலை. ஒரு செடிக்காக."

அந்த அம்மா 2019-ல் இறந்துபோனார்கள். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் மகளுக்கு முறுக்கு எடுத்துவருவார்கள்.

அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் படித்த புத்தகம் எதிலும் இந்தத் தழும்பு இல்லை. 2001 டிசம்பரில் டெக்ஸாஸில் ஒரு பூனையைக் குளோன் செய்தார்கள். சி.சி. என்று பெயர், காப்பி கேட். தாய்ப்பூனையின் மரபணு அப்படியே இருக்கிறது, ஆனால் ரோமத்தின் நிறம் அதே மாதிரி வரவில்லை. பூனைக்குக் கருவிலேயே கணக்கு மாறிவிடுகிறது. கள்ளிக்கு அதற்கப்புறம் மாறுகிறது: எந்த மொட்டை மாடி, எந்தக் கொடிக்கம்பு, யார் கை. லேபில் கொடுத்தால் வித்தியாசம் தெரியாது என்றார் நர்சரிக்காரர். சரிதான். லேபில் தெரியாத வித்தியாசத்தைத்தான் நான் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டிருந்தேன். போடவேண்டியதுதான், வேறு வழியில்லை, முழுக்க அழுகிவிட்டது. ஆனால் அன்றைக்கே போன் பண்ணியிருந்தால், அந்தத் தழும்பை ஒரு போட்டோவாவது எடுத்து வைக்கச் சொல்லியிருப்பார். அந்த வாய்ப்பை அவருக்குத் தராமல் வைத்துக்கொண்டவன் நான்.

சட்டம் இங்கே எனக்குச் சாதகமாகக்கூட இருக்கலாம். 151-வது பிரிவு, சாதாரண அறிவுள்ள ஒருவன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ அந்த அளவு பார்த்துக்கொண்டால் போதும் என்கிறது. அந்தப் புயலில் என் சொந்த பைக்கையே நான் காப்பாற்றவில்லை. வாதாடலாம். 'நல்லா இருக்கான் சார்' என்று சொன்னதற்கு அதில் பிரிவு இருக்கிறதா என்று நான் தேடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து சார் எழுந்து, "தெற்குப் பக்கம் எது?" என்றார். விழித்தேன். கள்ளியை இடம் மாற்றினால், எந்தப் பக்கம் வெயில் பார்த்து நின்றதோ அதே பக்கம் வெயில் பார்க்கும்படி வைக்கவேண்டுமாம். நிழலில் இருந்த பக்கத்தை வெயிலுக்குத் திருப்பினால் தோல் கருகிவிடும். வெட்டுவதற்கு முன்பே அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். நான் போடவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து, தோலின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து, தொட்டியை ஒரு கால் சுற்றுத் திருப்பி வைத்தார். பிறகு மார்க்கரை எடுத்து, தொட்டி விளிம்பில் 'தெ' என்று எழுதினார்.

இப்போது அது இரண்டரை அடி. அடியில் பக்கவாட்டில் ஒரு குருத்து விட்டிருக்கிறது. 163-வது பிரிவின்படி, ஒப்படைத்த பசு கன்று போட்டால் கன்றும் உரிமையாளருக்குத்தான் சொந்தம்; சட்டப் புத்தகத்திலேயே இந்த மாட்டு உதாரணம் இருக்கிறது. சாரிடம் சொன்னேன். "பி.காம். படிச்சவன்கிட்ட செடியைக் குடுத்தா இதுதான்" என்று சிரித்தார்.

போன மாதம் பேத்தியைப் பார்க்க மறுபடி கிளம்பினார். வேறு யாரிடமாவது சாவியைக் கொடுப்பார் என்று நினைத்தேன். என்னிடம்தான் கொடுத்தார். குறிப்பு இந்தத் தடவை மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கம் பழையதுதான். மூன்றாவது பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'ஏதாவது ஆனால் அன்றே போன் செய்யவும்.' அன்றே என்பதன் கீழே இரண்டு கோடு.